பச்சை லவ் பேர்ட்ஸ் வாங்கும்போது வணிகர்கள் கவனிக்க வேண்டியவை



மளிகைக் கடையில் தினை வாங்க வருபவர்களில் பாதிப்பேர் சமையலுக்காக வாங்குவதில்லை. வீட்டில் வளர்க்கும் பறவைகளுக்குத் தீனியாகத்தான் வாங்குகிறார்கள். அப்படி வருபவர்கள், "அண்ணாச்சி, நல்ல லவ் பேர்ட்ஸ் எங்கே கிடைக்கும்?" என்று நம்மிடமே கேட்கிறார்கள். இதைப் பார்த்து நம் உறுப்பினர்கள் சிலர் தாமே பறவை வாங்கிக் கடை வாசலில் கூண்டு தொங்கவிடத் தொடங்கியிருக்கிறார்கள். இன்னும் சிலர், வண்டியில் பறவை கொண்டுவருபவர் இறக்கிவைக்கும் கூண்டைக் கமிஷனுக்கு வாங்கி வைக்கிறார்கள்.

நியாயமான வழியில் நாலு காசு பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பருப்பையும் மிளகாய் வற்றலையும் மாதிரி பார்த்து, பில் கேட்டு வாங்கும் நாம், பறவையை மட்டும் யார் கொண்டுவந்தாலும் வாங்கிவைக்கிறோம். அதனால் வரக்கூடிய வில்லங்கம் சிறியதல்ல. ஆகவே இதுபற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெயரில் உள்ள குழப்பம்

நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லப்படும் பறவையின் சரியான பெயர் பட்ஜரிகர், சுருக்கமாக பட்ஜி. இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்த சிறு கிளி. அங்கே புல் விதையைத் தின்று, தண்ணீர் இருக்கும் இடம் தேடிக் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். ஜான் கூல்ட் என்ற பறவை அறிஞர் 1840-ல் இதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பின்னர் உலகெங்கும் கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. உண்மையான 'லவ் பேர்ட்' ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு பறவை. அது பருமனாகவும், வால் குட்டையாகவும், அலகு பெரிதாகவும் இருக்கும்.

இந்த வித்தியாசம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சட்டம் ஒவ்வொரு பறவைக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. பெயர் தெரியாமல் வாங்கினால் எந்தச் சட்டத்தில் மாட்டுகிறோம் என்பதே தெரியாது.

சட்டப்படி மூன்று வகை

முதல் வகை, நம் நாட்டுப் பறவைகள். பச்சைக்கிளி, மைனா, தினைக்குருவி எனப்படும் சில்லை ஆகியவை இதில் அடங்கும். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் வந்த அதன் திருத்தமும் நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்கின்றன. 2022-ல் மீண்டும் திருத்தம் செய்யப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

இது ஏட்டில் மட்டும் உள்ள சட்டமல்ல. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகர் வீட்டில் வளர்ந்த இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துச்சென்றது. இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், கடலூரில் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் சொன்னவரை வனத்துறையினர் பிடித்தார்கள். வளர்த்தவருக்கும் ஜோசியம் சொன்னவருக்குமே இந்த நிலை என்றால், கடை வாசலில் வைத்து விற்பவர் நிலை என்ன?

இரண்டாம் வகை, வெளிநாட்டிலிருந்து வந்து, சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பறவைகள். மக்காவ், சன் கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, ஆப்பிரிக்க லவ் பேர்டில் பெரும்பாலானவை இந்த வகை. இவற்றை வைத்திருப்பவர் 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். சிறு கடைக்காரருக்கு இது தேவையில்லாத சுமை. இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

மூன்றாம் வகையில் பட்ஜி, காக்கடீல், ரோஜா நிற முகமுள்ள ஆப்பிரிக்க லவ் பேர்ட் ஆகியவை வருகின்றன. இவை சைட்டிஸ் பட்டியலில் இல்லை. வீட்டில் வளர்க்க அந்தப் பதிவு தேவையில்லை.

வளர்ப்பது வேறு, விற்பது வேறு

இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். "பட்ஜிக்குத் தடை இல்லையே" என்று கூண்டைத் தொங்கவிடுகிறார்கள். 2018-ல் மத்திய அரசு செல்லப்பிராணிக் கடை விதிகளைக் கொண்டுவந்தது. செல்லப்பிராணிகளை விற்பனைக்கு வைத்திருக்கும் எந்த இடமும், சந்தைக் கடை உட்பட, அந்த விதிப்படி செல்லப்பிராணிக் கடைதான். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்து சான்றிதழ் பெறாமல் விற்கக் கூடாது. கூண்டின் அளவு, தண்ணீர், காற்றோட்டம், சுத்தம் எல்லாவற்றுக்கும் நிபந்தனை உண்டு. வாங்கியது, விற்றது, இறந்தது எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

ஆகவே மளிகைக் கடை லைசென்ஸை வைத்துக்கொண்டு பறவை விற்க முடியாது. பறவையின் எச்சமும் இறகுத் தூசியும் அரிசி, பருப்பு மூட்டைகளில் படிவதும் நல்லதல்ல. கிளி இனப் பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காய்ச்சலும் உண்டு. பறவை வியாபாரம் செய்ய விரும்புபவர் தனி இடம் பார்த்து, பதிவு செய்து, முறையாகச் செய்யட்டும். மற்றவர்கள் தீனி விற்பதோடு நிறுத்திக்கொண்டு, நல்ல வளர்ப்பாளர் யார் என்று வாடிக்கையாளருக்கு வழிகாட்டினால் போதும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு கடைக்காரரிடம் வண்டிக்காரர் ஒருவர், "பச்சை லவ் பேர்ட்ஸ், எட்டு உருப்படி" என்று கூண்டை இறக்கிவிட்டுப் போனார். அதில் ஆறுதான் பட்ஜி. இரண்டு, பனைமரப் பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சுகள். வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் கடைக்காரருக்கே தெரிந்தது. கொண்டுவந்தவரின் போன் அன்றோடு எடுக்கப்படவில்லை; பில் எதுவும் கிடையாது. கடைக்காரர் தாமே போய் வனத்துறையிடம் குஞ்சுகளை ஒப்படைத்துத் தப்பினார். தை முதல் பங்குனி வரை தாமிரபரணிக் கரை மருத மரங்களிலும் பனைகளிலும் கிளிகள் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த மாதங்களில் மலிவாக வரும் 'பச்சை'களை ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். பச்சைக்கிளிக்கு அலகு தடிமனாகச் சிவந்திருக்கும். முதுகில் கறுப்பு வரிகள் இருக்காது. சில்லைகளுக்குச் சாயம் பூசிப் புதுப் பறவை என்று விற்பதும் உண்டு. ஈரத்துணியால் துடைத்தால் சாயம் தெரிந்துவிடும்.

அசல் பச்சையை அறிவது எப்படி?

இன்று நீலம், வெள்ளை, மஞ்சள், சாம்பல், கொண்டை என்று பல வகை பட்ஜிகள் வருகின்றன. எல்லாம் கூண்டு வளர்ப்பில் உண்டானவை. காட்டில் உள்ளதைப் போன்ற அசல் நிறம் வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கான அடையாளங்கள்:

1. உடல் இளம்புல் நிறப் பச்சை. முகமும் நெற்றியும் சுத்தமான மஞ்சள்.

2. பின்தலை, கழுத்து, முதுகு, இறக்கை ஆகியவற்றில் மஞ்சள் மேல் கறுப்பு வரிகள். வரி சாம்பலாகவோ பழுப்பாகவோ மங்கியிருந்தால் அது வேறு வகை.

3. தொண்டையில் ஆறு கறுப்புப் புள்ளிகள். ஓரத்தில் உள்ள இரண்டும் கன்னத்து ஊதாத் திட்டின் அடியில் பாதி மறைந்திருக்கும்.

4. நீண்ட வால் கருநீலம். உடலில் எங்கும் திட்டுத்திட்டாக மஞ்சள் இருக்கக் கூடாது.

5. நீளம் சுமார் 18 சென்டிமீட்டர். எடை 30 கிராமை ஒட்டி இருக்கும். நம் எலக்ட்ரானிக் தராசில் ஒரு சிறு டப்பாவில் வைத்து நிறுத்தே பார்த்துவிடலாம். 50 கிராமைத் தாண்டினால் அது கண்காட்சிக்கென்று பெரிதாக்கிய ஆங்கில வகை.

வயது வந்த ஆணுக்கு அலகுக்கு மேலுள்ள மூக்குப் பகுதி நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. நெற்றி வரை வரிகள் இறங்கியிருந்து, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தால் நாலு மாதத்துக்கு உட்பட்ட இளம் பறவை. வளர்ப்புக்கு அதுவே நல்லது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். பச்சை நிறத்துக்குள் நீலம் மறைந்து நிற்கும். பார்வைக்கு அசல் பச்சையாக உள்ள இரண்டு பறவைகளிலும் நீலத்தின் வித்து இருந்தால், அவற்றின் குஞ்சுகளில் சராசரியாக நாலில் ஒன்று நீலமாக வரும். ஆகவே வம்சம் தெரிய வேண்டுமானால் தாய் தகப்பனையும், முந்தைய ஈட்டுக் குஞ்சுகளையும் பார்க்க வேண்டும். வண்டியில் கொண்டுவருபவரிடம் இதைப் பார்க்க முடியாது.

"இது ஆஸ்திரேலியாக் காட்டிலிருந்து நேராக வந்தது" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பறவைகளை உயிருடன் வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. அங்குள்ள 1999-ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. அப்படிச் சொல்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது கடத்தல் சரக்கு வைத்திருக்கிறார். நமக்கு இரண்டுமே வேண்டாம். அசல் பச்சை என்பது நிறத்தையும் அமைப்பையும் குறிப்பதுதான். பறவை கூண்டில் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நல்ல வளர்ப்பாளர் யார்?

நேரில் போய்ப் பாருங்கள். மாடியிலோ கொல்லையிலோ கூண்டு கட்டி, பானை வைத்து வளர்ப்பவர் தம் இடத்தைக் காட்டத் தயங்கமாட்டார். காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கூண்டு விசாலமாக இருக்கிறதா, தண்ணீர் சுத்தமா, பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலில் தூங்குவது, பின்பகுதியில் எச்சம் ஒட்டியிருப்பது, அலகைச் சுற்றிப் பொருக்கு, நெஞ்செலும்பு கத்திபோல் துருத்துவது எல்லாம் நோயின் அடையாளம்.

வருஷம் முழுக்கப் பானையைக் கழற்றாமல் ஈடு மேல் ஈடாகப் பொரிக்கவிடுபவரிடம் தாய்ப்பறவை தேய்ந்து, குஞ்சுகளும் சோடையாக இருக்கும். ஓர் ஈட்டுக்கு நாலு முதல் ஆறு முட்டை. 18 நாளில் பொரிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகே குஞ்சு பானையைவிட்டு வெளியே வரும். தானே தினை உடைத்துத் தின்னும்வரை தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. ஆறு வாரத்துக்கு முன் தருகிறேன் என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். ஜோடியாக வாங்கினால் ஆணும் பெண்ணும் வெவ்வேறு பானையில் பிறந்தவையாக இருக்கட்டும்.

காலில் மூட்டு இல்லாத முழு வளையம் இருந்தால் மிகவும் நல்லது. பிறந்த சில நாட்களுக்குள்தான் அந்த வளையம் காலில் நுழையும். ஆகவே அது கூண்டில் பிறந்த பறவை என்பதற்குச் சாட்சி. வருஷமும் எண்ணும் அதில் இருக்கும்.

கடைசியாக, ரசீது. அச்சடித்த பில் இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாளில் தேதி, எண்ணிக்கை, நிறம், வளைய எண், விலாசம், போன் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாளை யாராவது கேட்டால் நம் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

தீனியில் நம் பொறுப்பு

பறவைக்குக் கேட்பவருக்குத் தோல் நீக்காத முழுத்தினை கொடுக்க வேண்டும். உமி நீக்கிய தினையரிசி சமையலுக்கு. தினையோடு கம்பும் கொஞ்சம் நெல்லும் கலக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையைக் கூண்டில் கட்டிவிடச் சொல்லுங்கள்.

விதைக்காக மருந்து தடவிச் சாயம் ஏற்றிய தினையை எக்காரணம் கொண்டும் பறவைக்கு விற்கக் கூடாது. வண்டுக்கு மருந்து வைத்த மூட்டையை நன்கு காற்றாட விடாமல் பிரித்து விற்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிப் பூசணம் பிடித்த தினை, பறவையைக் கொல்லும். தரம் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பிடி தினையை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பகுதி முளைவிட்டால் உயிருள்ள சரக்கு. முளைக்காதது பழைய சரக்கு. அதைப் பறவைக்கென்று தள்ளிவிடக் கூடாது.

பறவைக்கு நோய் என்று கேட்பவரை நாமே மருந்து சொல்லி அனுப்ப வேண்டாம். இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; அங்கே போகச் சொல்லுங்கள். வளர்க்க முடியவில்லை என்று ஆற்றங்கரையில் திறந்துவிடும் வழக்கத்தையும் தடுத்துச் சொல்ல வேண்டும். கூண்டில் பிறந்த பட்ஜிக்கு இரை தேடத் தெரியாது. காக்கைக்கும் வல்லூறுக்கும் அன்றே இரையாகிவிடும். அதைவிட, வாங்கிய வளர்ப்பாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சுருக்கமாகச் சொன்னால், நாட்டுப் பறவை எதுவும் நம் கடைப்பக்கம் வரக் கூடாது. பட்ஜியானாலும் பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்கினால் இடம் பார்த்து, தாய் தகப்பன் பார்த்து, ரசீதோடு வாங்க வேண்டும். யார் என்றே தெரியாதவர் இறக்கிவிட்டுப் போகும் கூண்டைக் கமிஷனுக்காக வாங்கி வைப்பவர்கள், அவரை இன்றே கூப்பிட்டுத் திருப்பி எடுத்துப்போகச் சொல்வது நல்லது. அதில் பச்சைக்கிளியோ சில்லையோ இருந்தால் அதை அவரிடம் கொடுக்காமல் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.