வலி சொல்லும் சேதி – 17: படி விளிம்பில் ஒரு வைத்தியம்

சென்ற வாரம் குதிகாலின் அடியில் குத்தும் வலியைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்குச் சற்று மேலே. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைத்து வைத்திருக்கும் அகில்லிஸ் தசைநாண், தொட்டால் முறுக்கிய கயிறுபோல் விறைப்பாக இருக்கும். உடம்பின் தசைநாண்களிலேயே தடித்தது இதுதான். ‘குதிகால் நரம்பு இழுக்குது’ என்று சொல்வோமே, பல நேரம் அது இந்த நாண்தான். காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது நொண்ட வைக்கும்.

1990களின் நடுவில், வடக்கு ஸ்வீடனின் உமேயோ நகரில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கு இந்த வலி வந்தது. அவர் ஓட்டப்பயிற்சி செய்பவர். அறுவை சிகிச்சை செய்யும்படி தன் மேலதிகாரியைக் கேட்டார். அதற்காக அவருக்கு நீண்ட விடுப்புத் தர முடியாது என்று மறுத்துவிட்டார் மேலதிகாரி. நாண் அறுந்தே போனால் மறுக்க முடியாதல்லவா? ஆல்ஃப்ரெட்சன் பாரத்தை ஏற்றி, வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கிப் பயிற்சி செய்தார். நாண் அறவில்லை, வலி போய்விட்டது.

அதையே அவர் முறைப்படி சோதித்தார். 1998-இல் வெளியான ஆய்வில் நெடுநாள் வலியுள்ள 15 பேர். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலிக்கும் காலால் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். மேலே வர நல்ல காலைப் பயன்படுத்த வேண்டும். முழங்கால் நீட்டியபடி 15 வீதம் மூன்று முறை, சற்றே மடக்கியபடி இன்னொரு மூன்று முறை. காலை, மாலை இருவேளை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180 தடவை! வலி குறைந்ததும் முதுகுப்பையில் எடை ஏறும். 12 வாரத்தில் 15 பேரும் பழையபடி ஓடினார்கள்.

அதுவரை ஓய்வும் மாத்திரையும்தான் பெரும்பாலும் வைத்தியம். இதை வெறும் அழற்சி என்று நினைத்ததால் வந்த வழக்கம் அது. நெடுநாள் வலித்த நாணைச் சோதித்தபோது அழற்சி அணுக்கள் சொற்பமாகவே இருந்தன. கொலாஜன் இழைகள்தாம் ஒழுங்கு கலைந்து கிடந்தன. ஓய்வில் வலி அடங்கும், ஆனால் நாண் பலம் பெறாது. திரும்ப ஓடிய வாரமே வலியும் திரும்பும். ‘ரெஸ்ட் எடுங்க’ என்று மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

நல்ல பிசியோதெரபிஸ்ட் முதலில் வலி எங்கே என்று விரலால் தேடுவார். எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே என்றால் படிப் பயிற்சி பொருந்தும். எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலித்தால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. அங்கே நாண் எலும்பில் அழுந்தி நோவு கூடும். சமதரையில் செய்தால் போதும், செருப்புக்குள் குதிகாலுக்கு ஒரு திண்டு வைத்துக்கொள்ளலாம். சிப்ரோஃபிளாக்சசின் வகை மாத்திரை அண்மையில் சாப்பிட்டீர்களா என்றும் கேட்பார், அவை நாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. ஸ்டீராய்டு ஊசியை நாணுக்குள் போடத் தயங்குவதும் அது அறுந்துவிடும் என்ற அச்சத்தால்தான்.

ஓட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஸ்வீடனின் கரின் சில்பர்நாகல் குழு வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னது. ஐந்து வரை பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது. 180 தடவை மலைப்பாக இருப்பவர்களுக்கு வாரம் மூன்று நாள், அதிக எடையோடு, மெதுவாக ஏற்றி இறக்கும் முறை உண்டு. 2015-இல் வந்த டென்மார்க் ஆய்வில் இரண்டுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றே.

பலர் மூன்றாம் வாரமே கைவிடுகிறார்கள். நாண் மெல்லத் தேறும் திசு. குறைந்தது 12 வாரம் கொடுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ‘பட்’டென்று கேட்டு, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால், நாண் அறுந்திருக்கலாம். மருத்துவர் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்துவார். பாதம் அசையாவிட்டால் சந்தேகம் உறுதி. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

(தொடரும்)