மாப்பிள்ளைத் தோழனுக்கு சவரக் கத்தி பரிசு: வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபம் புக் பண்ணியாச்சு, சமையல்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. இப்போதெல்லாம் கல்யாண வேலைப் பட்டியலில் கூடுதலாக இன்னொரு வரியும் இருக்கிறது: ‘ஃபிரெண்ட்ஸுக்கு என்ன கிஃப்ட்?’

நண்பர்கள் மாப்பிள்ளைக்கு ஃபிளெக்ஸ் பேனர் வைப்பது நம்ம ஊர் வழக்கம். மாப்பிள்ளை தன் தோழர்களுக்குத் தனியாகப் பரிசு கொடுப்பது மேற்கத்திய கல்யாணங்களிலிருந்து வந்தது. ஒரே நிற குர்தா, பெயர் பொறித்த வாலட் எல்லாம் சலித்துப்போனவர்கள் ஆன்லைனில் தேடினால் கண்ணில் படுவது, மரப்பெட்டிக்குள் பளபளக்கும் கைவினை ஷேவிங் கிட். அதில் நடுநாயகமாக இருப்பது மடக்குச் சவரக் கத்தி.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கல்யாணம் வைத்துக்கொண்டு இதை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால், டெல்டா கல்யாணத்துக்கு அந்தக் கத்தி புதுசு இல்லை. பல தலைமுறையாக அது அங்கே இருந்திருக்கிறது, வேறொருவர் கையில்.

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

ஒரு மடக்குக் கத்தி, அதைத் தீட்டத் தோல் வார், ஒரு பிரஷ், சோப்பு, நுரை கலக்கக் கிண்ணம். சிலவற்றில் தீட்டுக்கல்லும் படிகாரக் கட்டியும் இருக்கும். கத்தியின் அலகு பெரும்பாலும் கார்பன் ஸ்டீல். இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குடைந்து தேய்த்திருப்பார்கள். அதனால்தான் முதுகு தடிமனாகவும் விளிம்பு மெல்லியதாகவும் இருக்கிறது.

உலக அளவில் இதற்குப் பெயர் போன ஊர் ஜெர்மனியின் சோலிங்கன். அந்த ஊரில் தயாரான கத்திக்கு மட்டுமே அந்தப் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அங்கே சட்டமே உண்டு. பிரான்ஸில் தியேர், ஜப்பானில் ‘கமிசோரி’ எனப்படும் மடங்காத கத்தி என்று தனித்தனி மரபுகள் இருக்கின்றன.

தஞ்சை வட்டாரத்தில் புவிசார் குறியீடு வாங்கிய கைவினைப் பொருட்களின் வரிசை நீளமானது. ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, வீணை, நெட்டி வேலைப்பாடு, சுவாமிமலைச் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் எல்லாம் அதில் உண்டு. சவரக் கத்தி இல்லை.

வழக்கொழிந்த கத்தி ஏன் திரும்ப வந்தது?

அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட், கழற்றி மாட்டும் பிளேடு கொண்ட ரேஸரை 1903-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். காப்புரிமை 1904-ல் கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவ வீரர்களின் கையில் அது போய்ச் சேர்ந்த பிறகு, மடக்குக் கத்தி வீடுகளிலிருந்து மெல்ல மறைந்தது. திரும்பி வந்தது ஸ்டைலாக. 2012-ல் வெளியான ‘ஸ்கைஃபால்’ படத்தில் ஜேம்ஸ் பாண்டுக்கு அந்தக் கத்தியால் ஷேவ் செய்துவிடும் காட்சி பலருக்கு ஞாபகம் இருக்கும்.

நம்ம ஊர் சலூன்களில் அது மறைந்ததற்குக் காரணம் வேறு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் விழிப்புணர்வுப் பிரசாரம் ஊர் ஊராகப் போனது. ‘புது பிளேடு போடுங்கண்ணே’ என்று கேட்பது வாடிக்கையாளரின் வழக்கமானது. பாதி பிளேடை உடைத்து மாட்டும் கத்திக்கு சலூன்காரர்கள் மாறினார்கள். ரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எனவே ஒரு கத்தி ஒருவருக்கு மட்டும். ஐந்து தோழர்களுக்கு ஒரே கிட் வாங்கி ‘மாத்தி மாத்தி யூஸ் பண்ணிக்கோங்கடா’ என்பது கூடவே கூடாது.

வீட்டுப் பெரியவர்கள் ஏன் முகம் சுளிப்பார்கள்?

இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்ற நம்பிக்கை. கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இன்னொன்று, துக்க வீட்டு நினைவு. இறப்புச் சடங்கில் ஆற்றங்கரையில் மொட்டை போடுவதும் இதே கத்தியால்தான்.

ஆனால் அதே கத்தி மங்கலத்துக்கும் உரியது. குழந்தைக்கு முதல் மொட்டை, கோயில் வேண்டுதல், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்குச் சவரம் என எல்லாவற்றிலும் அது உண்டு. வைத்தீஸ்வரன்கோவிலிலும் சமயபுரத்திலும் முடி காணிக்கை கொடுக்க வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று தமிழக அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தது. அந்தப் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதுவரை அவர்களின் வருமானம் மொட்டைக் கட்டணத்தின் பங்கையும் பக்தர்கள் கையில் கொடுக்கும் காசையும் நம்பியே இருந்தது.

டெல்டாவில் அந்தக் கத்தி யாருடையது?

முடிதிருத்தும் சமூகத்தினரை அரசின் சாதிப் பட்டியல் மருத்துவர், நாவிதர் என்ற பெயர்களில் குறிக்கிறது. ‘மருத்துவர்’ என்ற பெயர் சும்மா வந்ததில்லை. கட்டி கீறுவது, காயத்துக்கு மருந்து வைப்பது இவர்கள் வேலையாக இருந்தது. பிரசவம் பார்த்தது இவர்கள் வீட்டுப் பெண்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பும் இதைப் பதிவு செய்திருக்கிறது. காவிரிக் கரையின் நாகஸ்வர, தவில் மரபில் இசை வேளாளர்களோடு இந்தச் சமூகத்துக்கும் இடம் உண்டு. கொங்குப் பக்கத்துக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவரும் இவர்தான்.

ஆக, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் முகத்தை வழித்தவர், மேளம் வாசித்தவர், பின்னால் பிறக்கும் பிள்ளையைக் கையில் ஏந்தியவர் எல்லோரும் ஒரே குடும்பத்தினராக இருக்க வாய்ப்பு இருந்தது. கூலி? வருஷம் முழுக்க ஊருக்கே சவரம் செய்துவிட்டு, அறுவடையின்போது களத்துமேட்டில் நெல்லாக வாங்கிக்கொள்வார்கள். 1950-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கேத்லீன் கஃப், நிலமும் சாதியும் இப்படிப் பின்னிக் கிடந்ததை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஆய்வு 1981-ல் நூலாக வந்தது.

மழை பொய்த்து விளைச்சல் குறைந்தால் அவர் பங்கும் குறையும். ‘எனக்கு இந்த வேலை வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் கிடையாது. யாருக்கு முடி வெட்ட வேண்டும், யாருக்கு வெட்டக் கூடாது என்பதையும் நிலம் வைத்திருந்தவர்களே தீர்மானித்தார்கள். தலித் மக்களுக்குச் சவரம் மறுக்கப்பட்டது இப்படித்தான். 1955-ம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், ‘கடை’ என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது முடிதிருத்தகத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தீண்டாமையின் பேரில் அங்கே யாரையும் திருப்பி அனுப்புவது குற்றம்.

‘குடிமகன்’ என்ற சொல் இன்று நாட்டின் பிரஜையைக் குறிக்கிறது. பல கிராமங்களில் முடிதிருத்துபவரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊருக்குக் கட்டுப்பட்டவர் என்று அர்த்தம். யோகி பாபு நடித்து 2021-ல் வந்த ‘மண்டேலா’ படம் இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் நடக்கிற கதைதான். முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வர முடியாத, சொந்தப் பெயர்கூட இல்லாத ஒரு முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டுதான் அந்த ஊரின் தேர்தலையே தீர்மானிக்கும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ‘இவ்வளவு நேரம் என்னத்த சிரைச்சே?’ என்று நண்பர்கள் குரூப்பில் எத்தனை தடவை டைப் பண்ணியிருப்போம்? ஒரு தொழிலின் வினைச்சொல்லையே வசையாக்கி வைத்திருக்கிறோம். அதே வேலைக்கான கத்தி தேக்குப் பெட்டியில் வந்தால் ‘கிளாஸா இருக்கு மச்சி’ என்கிறோம். கத்தி அதேதான். அதைப் பிடித்த கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பரிசு கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு வரும் யாரோ ஒருவரின் தாத்தா, அந்தக் கத்தியை வைத்திருந்த ஒரே காரணத்துக்காகத் திண்ணையோடு நிறுத்தப்பட்டிருக்கலாம். ‘பழைய காலத்து ஜென்டில்மேன் ஸ்டைல்’ என்று கார்டு அச்சடிக்கும் முன் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வாங்குறதுன்னு முடிவு பண்ணியாச்சு. எதைக் கவனிக்கணும்?

* அழகைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலிவு விலையில் அலை அலையான கோடுகளோடு வரும் ‘டமாஸ்கஸ்’ கத்திகள் பலவற்றில் கூர் நிற்காது. ஷேவ் செய்யத் தயாரான நிலையில் தீட்டித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

* தோல் வார் கட்டாயம். ஒவ்வொரு ஷேவுக்கு முன்பும் அதில் தீட்ட வேண்டும். கத்தியின் முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர வேண்டும். மாற்றி இழுத்தால் வார்தான் வெட்டுப்படும்.

* தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் சக்கரம் சரி. இந்த மெல்லிய விளிம்பு அதில் சூடேறிக் கெட்டுவிடும்.

* துரு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கார்பன் ஸ்டீல் சீக்கிரமே துருப்பிடிக்கும். துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். பாத்ரூமில் வைக்கவே கூடாது.

* கல்யாணத்துக்கு முதல் நாள் பரிசோதனை வேண்டாம். கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்வில் பிடித்து, தோலை இழுத்துப் பிடித்துப் பழகவே சில வாரங்கள் ஆகும். இல்லாவிட்டால் ஆல்பம் முழுக்கத் தோழர்கள் தாடையில் பிளாஸ்திரியோடு நிற்பார்கள்.

* ஃபிளைட்டில் கைப்பையில் அனுமதி இல்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் திரும்பும் நண்பரிடம் செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

பராமரிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பாதி பிளேடு மாட்டும் மடக்குக் கத்தியே போதும். கையில் பிடிக்கும்போது அதே உணர்வு, தீட்டும் வேலை மிச்சம். கூடவே கும்பகோணத்தில் வாங்கிய ஒரு பித்தளைக் கிண்ணத்தை நுரை கலக்க வைத்தால், பெட்டிக்குள் நம்ம ஊர்ப் பொருள் ஒன்றாவது இருக்கும்.

வேற வழி இருக்கா?

இருக்கிறது, செலவும் அதிகமில்லை. மாப்பிள்ளை அழைப்பு அன்று மதியம், ஊர் சலூன்காரரை மண்டபத்துக்கு வரவழைத்துத் தோழர்கள் எல்லோருக்கும் ஷேவ் ஏற்பாடு செய்யலாம். சென்னையிலும் பெங்களூரிலும் ‘க்ரூமிங் பேக்கேஜ்’ என்ற பெயரில் கொடுக்கும் தொகையை அவருக்கும் பேசி, முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை பெரும்பாலான சலூன்களுக்கு விடுமுறை. புதன்கிழமை முகூர்த்தம் என்றால் திங்களன்றே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவருக்கும் ஒரு பத்திரிகை வையுங்கள், பெயர் எழுதி. வேலை முடிந்ததும் பின்கட்டில் இலை போட்டுவிட்டுக் கணக்கை முடிக்காமல், உங்கள் தோழர்கள் உட்காரும் அதே பந்தியில் அவரையும் உட்கார வையுங்கள். கத்தியை எப்படிப் பிடிப்பது என்று உங்கள் நண்பர்களுக்குச் சொல்லித்தர அந்த மண்டபத்தில் அவரைவிடச் சரியான ஆள் இருக்க மாட்டார்.