சித்தா படித்தவருக்கு வேலை: வகுப்பறையா, வார்டா?

"பொண்ணு பி.எஸ்.எம்.எஸ். முடிச்சிட்டா. பல்கலைக்கழகத்துல லெக்சரர் வேலைக்கு விளம்பரம் வந்தா சொல்லுங்க டாக்டர்!"

மருந்து வாங்க வரும் பெற்றோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். இதில் இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன.

ஒன்று, பட்டம் தருகிறவர் வேறு, வேலை தருகிறவர் வேறு. தமிழகத்தில் சித்த மருத்துவப் பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஆனால் பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியரை நியமிப்பது மாநில அரசு. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனமோ மத்திய அரசினுடையது. அதன் விளம்பரம் தனியாக வரும். பல்கலைக்கழக அறிவிப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வந்த வாய்ப்பு கைநழுவிப் போய்விடும் இல்லீங்களா?

இரண்டாவது, தகுதி. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி முடித்து, மருத்துவக் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டால் அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் உதவி மருத்துவ அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். எம்.டி. தேவையில்லை. 2012-ல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இதற்கு ஆள் எடுக்கிறது. கல்லூரியில் பாடம் நடத்தத்தான் எம்.டி. வேண்டும், மூன்று வருஷப் படிப்பு. பொதுவாக அந்தந்தத் துறையிலேயே கேட்பார்கள். குணபாடம் படித்தவர் குழந்தை மருத்துவ ஆசிரியர் இடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பது வீண் ஆசை. ஆகவே எம்.டி. சேரும்போதே துறையை யோசித்து எடுக்கணும். ஆசிரியராக வருவோருக்குத் தகுதித் தேர்வு ஒன்றையும் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கிறது.

ஆசிரியர் வேலை என்றால் சாக்பீஸும் கரும்பலகையும் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். பொது மருத்துவம், சிறப்பு மருத்துவம் போன்ற துறைகளில் காலையில் புறநோயாளிகளைப் பார்க்கணும், வார்டு சுற்றணும், பக்கத்தில் நிற்கும் மாணவனுக்கு நாடியைப் பிடித்துக் காட்டணும். நோயாளியையே அதிகம் பார்க்காதவர் எதைக் காட்டுவார்? அதனால் முதலில் சில வருஷம் வார்டில் இருந்துவிட்டு வருவதே நல்லது என்பேன்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று மேலே போகக் கற்பித்த வருஷங்களைத்தான் கணக்கெடுப்பார்கள். வைத்தியம் பார்த்த வருஷம் பொதுவாக அதில் சேராது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான்.

விளம்பரத்தில் 'ஒப்பந்த அடிப்படை', 'தற்காலிகம்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் அது நிரந்தர வேலை அல்ல. வயது வரம்பை எந்தத் தேதிப்படி கணக்கிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். "இத்தனை லட்சம் கொடுங்க, ஆர்டர் வாங்கித் தர்றேன்" என்று எவராவது வந்தால், வாசலிலேயே வைத்து அனுப்பிவிடுங்கள்.