உங்களுக்குத் தெரியுமா? துணைகளை எல்லாம் உதறிய அல்பேனியா

என்வர் ஹோஜா ஆண்ட அல்பேனியா, முப்பது ஆண்டுகளில் மூன்று துணைகளை அடுத்தடுத்து உதறியது. 1948இல் அண்டை நாடான யூகோஸ்லாவியாவுடன் முறிவு. 1961இல் சோவியத் ஒன்றியத்துடன். வ்லோரா வளைகுடாவில் இருந்த தளத்தைக் காலி செய்த சோவியத் கடற்படை, நான்கு நீர்மூழ்கிக் கப்பல்களை அங்கேயே விட்டுச் செல்ல நேர்ந்தது. அல்பேனியா அவற்றைத் திருப்பித் தரவே இல்லை.

பிறகு சீனா கைகொடுத்தது. 1971இல் ஐ.நா.வில் மக்கள் சீனத்துக்கு இடம் பெற்றுத் தந்த தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்தது அல்பேனியாதான். ஆனால் அமெரிக்க அதிபர் நிக்சனைச் சீனா வரவேற்றது ஹோஜாவுக்குப் பொறுக்கவில்லை. 1978இல் சீன உதவியும் நின்றது. 1976ஆம் ஆண்டின் அரசியல் சட்டமே வெளிநாட்டுக் கடனைத் தடை செய்திருந்ததால், போய்த் தட்ட வேறு கதவும் இல்லை.

எதிரி வருவான் என்ற அச்சத்தில் வயல்களிலும் கடற்கரையிலும் கான்கிரீட் பதுங்கு குழிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் எழுந்தன. எதிரி வரவில்லை. ஏழை மக்களுக்கு வீடாகியிருக்க வேண்டிய சிமென்ட்டும் இரும்பும் மண்ணுக்குள் போனது பெருங்கொடுமை.

பழைய பகை முடியவும் காலம் பிடித்தது: அண்டை நாடான கிரேக்கத்துடன், இரண்டாம் உலகப் போரில் தொடங்கிய போர்நிலை முடிவுக்கு வந்ததாகக் கிரேக்க அரசு அறிவித்தது 1987இல்தான்.