ஒரு ரிவால்வர், இரண்டு நோக்கங்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் கைத்துப்பாக்கி உரிமம் பெற விரும்புவோரிடம் பொதுவாக இரண்டு நோக்கங்கள் காணப்படுகின்றன. கோழிப்பண்ணை, லாரித் தொழில், ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு என்று பணப்புழக்கம் மிகுந்த தொழில்களில் இருப்போர் பயணத்தின்போது தற்காப்புக்காக ஒன்றை உடன் வைத்திருக்க எண்ணுகின்றனர். ரைபிள் கிளப்பில் சேர்ந்து பயிற்சி பெறுவோர் மாநிலப் போட்டிகளில் இடம்பெற விரும்புகின்றனர். உரிமம் கிடைப்பது அரிது, விலையும் அதிகம் என்பதால், இடுப்பில் அடங்கும் சிறிய ரிவால்வர் ஒன்றையே வாங்கி இரண்டுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்னும் எண்ணம் இவ்விரு சாராரிடமும் எளிதில் எழுகிறது. அந்த எண்ணம் நடைமுறையில் ஏன் பலிப்பதில்லை என்பதை, நாட்டின் சட்டத்தையும் கருவியின் அமைப்பையும் போட்டியின் அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெளிவாக உணர முடியும்.

கருவியின் அமைப்பு

ரிவால்வர் என்பது தோட்டாக்களை ஒரு சுழலும் உருளையில் ஏந்திய கைத்துப்பாக்கி. அந்த உருளையில் பெரும்பாலும் ஆறு அறைகள் இருக்கும், ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை ஒரு அறை அளவுக்குச் சுழன்று புதிய தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசினில் அடுக்கப்பட்டிருப்பதால், ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் அதைக் கையால் வெளியேற்றிய பிறகே அடுத்ததைச் சுட இயலும்; ரிவால்வரிலோ விசையை மீண்டும் ஒரு முறை இழுத்தாலே உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். இந்த எளிமைதான் தற்காப்புக்கு ரிவால்வரை நாடுவோர் கூறும் முதற் காரணம்.

விசையை இயக்குவதில் இரண்டு முறைகள் உண்டு. பின்புறமுள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுச் சுடுவது ஒற்றைச் செயல்முறை. அதில் விசை மென்மையாகவும் குறைந்த தூரமும் நகரும். விசையின் ஒரே இழுப்பில் சுத்தியல் பின்னுக்குச் சென்று, உருளையும் சுழன்று, வெடிப்பும் நிகழ்வது இரட்டைச் செயல்முறை. அதற்கு ஒற்றைச் செயல்முறையைப்போலப் பல மடங்கு விரல்வலு தேவைப்படும். போட்டியாளர் நாடுவது முன்னதை; ஆபத்து நேரத்தில் கைக்கு வருவது பின்னது. ஆகவே ஒரே துப்பாக்கியை வைத்திருப்பவர்கூட உண்மையில் இரு வேறு திறன்களைத் தனித்தனியே பயில வேண்டியவராகிறார்.

சட்டம் வகுத்த எல்லை

இந்தியாவில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது கடையில் தொடங்குவதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளிலும் தொடங்குகிறது. படையினரும் காவல்துறையினரும் பயன்படுத்தும் தோட்டா அளவுகள் பொதுமக்கள் கைக்குச் செல்லக்கூடாது என்ற ஆங்கிலேயர் காலக் கொள்கையின் தொடர்ச்சியாக, 9 மி.மீ. பிஸ்டலும், .38, .455 அளவுக் கைத்துப்பாக்கிகளும் தடைசெய்யப்பட்ட வகையில் வைக்கப்பட்டுள்ளன. அயல்நாட்டு நூல்கள் சிறிய ரிவால்வர் என்று புகழ்ந்துரைக்கும் .38 வகைகள் யாவும் இங்கே சாதாரணக் குடிமகனுக்கு எட்டாதவையாக இருப்பதன் காரணம் இதுவே. எஞ்சி நிற்பவை பெரும்பாலும் .32, .22 என்னும் இரண்டு அளவுகள்தாம்.

21 வயது நிறைந்தவரே உரிமம் பெற இயலும். 12 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் விதிகளுக்கு உட்பட்டுப் பயிற்சிக்காக மட்டும் சுடலாம். மாவட்ட ஆட்சியரும், காவல் ஆணையரகம் அமைந்த பெருநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகளாக உள்ளனர். காவல்துறையின் விசாரணை அறிக்கையும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை முடித்ததற்கான சான்றும் விண்ணப்பத்துடன் கேட்கப்படும். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததோடு, உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. இரண்டு என்ற இந்த எண் இக்கட்டுரையின் பொருளுக்கு மிக முக்கியமானது. இரு நோக்கங்களுக்கு இரு கருவிகள் வைத்துக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

கடையில் கிடைப்பவை

நெடுங்காலமாக விற்பனையில் இருந்துவரும் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், ஆங்கிலேயரின் வெப்லி மார்க் 4 ரிவால்வரைப் பின்பற்றி உருவானது. அதன் குழல் ஏறத்தாழ மூன்று அங்குலம், தோட்டா நிரப்புவதற்கு அது நடுவில் மடங்கித் திறக்கும். 2014ஆம் ஆண்டு ஜனவரியில் கான்பூரில் அறிமுகமான ‘நிர்பீக்’, பெண்களின் கைப்பையில் வைக்கத்தக்கதாக டைட்டானியம் கலப்பு உலோகத்தில் ஏறத்தாழ 500 கிராம் எடையில் வடிவமைக்கப்பட்டது. அப்போது அதன் விலையே ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. மேற்கு வங்கத்தின் இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலை .22 அளவில் ‘நிடர்’ என்னும் மிக இலேசான ரிவால்வரை உருவாக்கியது. உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் வெப்லி அண்ட் ஸ்காட் பெயரில் .32 ரிவால்வர் உற்பத்தி தொடங்கியது. 2023 ஆகஸ்டில் வெளிவந்த ‘பிரபல்’, தோட்டா இல்லாமல் 700 கிராம் எடையும், 76 மி.மீ. குழலும், 177.6 மி.மீ. மொத்த நீளமும் கொண்டது; அதன் உருளை பக்கவாட்டில் வெளியே வருவதால் தோட்டா நிரப்புவது எளிதாகிறது. ‘பிரபல்’ ரிவால்வரைத் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனத்தின்கீழ்தான் 1966இல் தொடங்கப்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இயங்குகிறது.

தோட்டாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை இங்கே இன்றியமையாதது. இந்த .32 ரிவால்வர்கள் ஏற்பது ‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்’ எனப்படும் விளிம்புள்ள நீண்ட தோட்டா. ‘அசானி’ போன்ற பிஸ்டல்கள் ஏற்பதோ 7.65 மி.மீ. என்றும் அழைக்கப்படும் குட்டையான வேறொரு தோட்டா. பேச்சுவழக்கில் இரண்டும் ‘முப்பத்திரண்டு’ என்றே வழங்கினாலும், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது. வாங்கும்போது துப்பாக்கியின்மீது பொறிக்கப்பட்ட பெயரோடு தோட்டாப் பெட்டியின் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

போட்டி கேட்பது என்ன?

இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் நிறுவப்பட்டது. அதன் போட்டிகளில் .32 அளவுக்குரியது 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவு. பெயர் பிஸ்டல் என்றிருந்தாலும், 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரையிலான அளவும், பிற விதிகளும் பொருந்தினால் ரிவால்வரும் அதில் ஏற்கப்படும். மொத்தம் 60 குண்டுகள். முதல் 30 நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவதற்கு, அடுத்த 30 இலக்கு மூன்று விநாடி மட்டுமே முகம் காட்டும் விரைவுச் சுற்றுக்கு. ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியிலும் 2006 தோகா ஆசியப் போட்டியிலும் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். தமிழகத்தில் 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி திருச்சி ரைபிள் கிளப்பில் நடைபெற்றபோது, நடிகர் அஜித்குமார் பங்கேற்றுப் பதக்கங்கள் வென்றதால், நாமக்கல்லிலிருந்து முசிறி வழியாக எளிதில் சென்றுவரக்கூடிய அந்த ஊரின் சுடுதளம் இப்பகுதி இளைஞர்களின் கவனத்துக்கு வந்தது.

இப்பிரிவில் துப்பாக்கியின் எடை 1,400 கிராம் வரையும், குழல் 153 மி.மீ. வரையும், முன் குறிமுள்ளுக்கும் பின் குறிப்பள்ளத்துக்கும் இடையிலான தூரம் 220 மி.மீ. வரையும் இருக்கலாம், விசையின் இழுவிசை 1,000 கிராமுக்குக் குறையக்கூடாது. இவற்றுள் குறிகளுக்கு இடையிலான தூரமே சிறிய ரிவால்வரைத் தோற்கடிக்கிறது. குறிபார்க்கையில் முன்முள் 0.2 மி.மீ., அதாவது இரண்டு மூன்று தலைமுடிகளின் தடிமன் அளவு, ஒருபக்கம் விலகியிருப்பதாகக் கொள்வோம். குறிகளின் இடைவெளி 220 மி.மீ. என்றால் 25 மீட்டரில் அந்தப் பிழை ஏறத்தாழ 23 மி.மீ. விலகலாக விரியும், இலக்கின் பத்து மதிப்பெண் வட்டத்தின் ஆரம் 25 மி.மீ. ஆதலால் குண்டு அதற்குள்ளேயே விழும். இடைவெளி 120 மி.மீ. மட்டுமே உள்ள சிறிய துப்பாக்கியிலோ அதே பிழை 42 மி.மீ. விலகலாகி, குண்டு ஒன்பதாம் வட்டத்துக்குச் சென்றுவிடும். சுடுபவரின் கை ஒன்றே, பிழையும் ஒன்றே. மதிப்பெண்ணைக் குறைப்பது கருவியின் குறுக்கம் மட்டுமே. 60 குண்டுகளில் இத்தகைய இழப்புகள் சேரும்போது பதக்கம் எட்டாமற் போகிறது.

இதனால்தான் உயர்நிலைப் போட்டியாளர்கள் இத்தாலியின் பார்டினி, ஜெர்மனியின் வால்தர் போன்ற கனமான .32 பிஸ்டல்களையும், தட்டையான முகம் கொண்ட ‘வாட்கட்டர்’ தோட்டாவையும் நாடுகின்றனர். அந்தத் தட்டை முகம் காகித இலக்கில் விளிம்பு சிதையாத வட்டத் துளையிடுவதால் மதிப்பெண் கணக்கிடுவது எளிதாகிறது. உறையிலிருந்து எடுத்து ஓடியும் திரும்பியும் சுடும் ‘ஐபிஎஸ்சி’ வகைப் போட்டிகளில் ரிவால்வருக்கென்றே தனிப்பிரிவு இருந்தாலும், அங்கே குறைந்தது 9 மி.மீ. குண்டு தேவைப்படுவதால் .32க்கு இடமில்லை.

உடன் வைத்திருப்பது கேட்பது என்ன?

தற்காப்புக்கான துப்பாக்கி இதற்கு நேரெதிரான பண்புகளைக் கோருகிறது: எடை குறைவாக, ஆடையில் சிக்கும் முனைகள் இல்லாததாக, குறிகள் நகராமல் நிலைத்தவையாக, விசை தவறுதலாக இயங்காத அளவுக்குக் கனமானதாக அது இருக்க வேண்டும். எடை குறைவதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே தோட்டாவைச் சுடும்போது பாதி எடையுள்ள துப்பாக்கி இருமடங்கு வேகத்தில் பின்னுதைக்கும் என்பது இயற்பியல் விதி. .32 மென்மையான தோட்டா என்பதால் 500 கிராம் ரிவால்வரிலும் அந்த உதை தாங்கக்கூடியதே. எனினும் நீண்ட பயிற்சிக்கு 700 கிராம் துப்பாக்கியே கைக்கு இதமாக இருக்கும்.

பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்குரிய உறையில், முழுதும் மூடப்பட்டு, உடையவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கொங்குப் பகுதியில் வேட்டிமேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டின் பையில் பணத்தோடு பணமாகத் துப்பாக்கியைச் செருகுவது பெரும் ஆபத்து. விசையை முழுதும் மறைக்காத எந்தப் பையும் உறை ஆகாது. சேலத்து வெயிலில் வியர்வையின் உப்பு உலோகத்தை அரிப்பதோடு தோலுறையிலும் ஊறித் தங்குவதால், வீடு திரும்பியதும் தோட்டாவை அகற்றித் துடைத்து, எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பது அன்றாடக் கடமையாகும். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியிலிருந்து சுடும்போது சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும் ஆதலால், மறுகை விரல்களை அதனருகே வைக்கலாகாது என்பதும் முதல்நாள் பாடம்.

தற்காப்புரிமையின் எல்லையையும் உடன் வைத்திருப்பவர் அறிந்திருக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அந்த உரிமையை அளிக்கின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேற்பட்ட தீங்கை அவை அனுமதிப்பதில்லை. திருவிழாவிலோ திருமணத்திலோ மகிழ்ச்சிக்காக வானை நோக்கிச் சுடுவதும் 2019 திருத்தத்தின்படி இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ ஒப்படைக்க நேரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தேர்வின் வரிசை

போட்டியே நோக்கமானால் ரிவால்வரை வாங்கவே அவசரம் வேண்டியதில்லை. 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலுள்ள .177 அளவு ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. அதில் 10 மீட்டரில் மூச்சையும் விரலையும் பழக்கி, பின்னர் கிளப்பின் .22, .32 துப்பாக்கிகளில் தேர்ச்சி பெற்ற பிறகு, சரிசெய்யக்கூடிய குறிகள் கொண்ட நீண்ட துப்பாக்கியைத் தேடுவதே முறை. தற்காப்பே நோக்கமானால் மூன்று அங்குலக் குழலுள்ள .32 ரிவால்வர் போதுமானது. இரண்டும் வேண்டுவோர் சட்டம் அனுமதிக்கும் இரண்டையும் தனித்தனி நோக்கத்துக்கு ஒதுக்குவதே விவேகம். ஒன்றே இயலும் என்றால், தற்காப்புக்குச் சிறியதை வாங்கிவிட்டுப் போட்டிக்குக் கிளப்பின் கருவியைப் பயன்படுத்தலாம்.

வாங்கும் நாளில், துப்பாக்கி காலியாக இருப்பதை விற்பனையாளருடன் சேர்ந்து உறுதிசெய்தபின், சுட்டுவிரலின் முதற்கணு விசையில் இயல்பாகப் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். சுத்தியலை இழுத்து நிறுத்திய நிலையில் உருளை ஆடாமல் பூட்டிக்கொள்கிறதா, ஆறு அறைகளும் ஒவ்வொன்றாகக் குழலுக்கு நேராக வந்து நிற்கின்றனவா என்பதையும் சோதிக்க வேண்டும். இரட்டைச் செயல்முறையில் விசையை இழுக்கும்போது குறிமுள் நடுங்கினால் அந்தக் கைக்கு அந்தத் துப்பாக்கி பொருந்தவில்லை. விலையோ பெயரோ அதை மாற்றாது.

கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல்துறை மீண்டும் மீண்டும் வேண்டுகோள் விடுப்பதும், கரிமருந்தும் பால்ரஸ் குண்டுகளும் கைப்பற்றப்படுவதும் இப்பகுதிக்குப் புதிய செய்திகள் அல்ல. சட்டத்துக்கு வெளியே இருக்கும் துப்பாக்கி தன் உடையவருக்கே பகையாகும் என்பதை அச்செய்திகள் உணர்த்துகின்றன. உரிமம் பெற்ற துப்பாக்கியும் பயிற்சி இல்லாதவர் கையில் அதே நிலையைத்தான் அடையும். ஆகவே பணத்தைத் துப்பாக்கியில் போடுவதற்கு முன் ஓர் ஆண்டையேனும் சுடுதளத்தில் செலவிடுவது ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் நன்று. அந்த ஓராண்டின் முடிவில் தமக்குத் தேவை போட்டித் துப்பாக்கியா, தற்காப்புத் துப்பாக்கியா, அல்லது எதுவுமே வேண்டாமா என்னும் கேள்விக்கு அவர்களால் தாமே விடை காண முடியும்.