மேஜையை விட்டு இறங்கிய கணக்கு

எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிய ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தின் யார்டில், நடுப்பகல் வெயிலில், நான்கு அடுக்காக நின்ற கன்டெய்னர்களுக்கு எதிரே, ராயபுரத்துக் கிளியரிங் ஏஜெண்ட் ஒருவருடைய குமாஸ்தா கையில் டேப்லட்டுடன் தத்தளித்துக்கொண்டிருந்ததைச் சில மாதங்களுக்கு முன் கண்டேன். அவருடைய காரியாலயக் கம்ப்யூட்டரின் திரை அப்படியே சுருங்கி அந்தக் கண்ணாடிப் பலகையில் தெரிந்தது. சீல் சரியாக இருக்கிறது என்று ஒரு கட்டத்தில் டிக் போடவேண்டியதே அவர் காரியம். விரலை வைத்தார், டிக் பக்கத்துக் கட்டத்தில் விழுந்தது. இரண்டு விரல்களால் திரையை விரித்தார். கட்டம் பெரிதாயிற்று, கன்டெய்னர் எண் இருந்த வரியோ திரைக்கு வெளியே போய்விட்டது. கடைசியில் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, “ஆபீஸ் போய் ஏத்திக்கிறேன் சார்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மேஜைக் கம்ப்யூட்டரில் இத்தனை காலம் செவ்வனே ஓடிய மென்பொருளை டேப்லட்டிலேயே நேராக ஏற்றிவிடலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இன்டெல் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட 8086 என்னும் சில்லின் வம்சத்துக்கென்று எழுதப்பட்ட கட்டளைகளை, பெரும்பாலான டேப்லட்டுகளில் இருப்பதும் 1985-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்ததுமான ஆர்ம் வம்சத்துச் சில்லு உள்ளபடி படிக்க அறியாது. இரண்டும் பேசும் பாஷை வேறு. ஆகவே மென்பொருளை இருந்த இடத்திலேயே ஓடவிட்டு, அதன் திரையை மாத்திரம் தூரத்துக்கு அனுப்பும் உபாயம் பிரபலமாயிற்று. 1998-இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்.டி. 4.0-வின் டெர்மினல் சர்வர் பதிப்பில் இதற்கு வழி செய்தது. திரை முழுவதும் ஒவ்வொரு கணமும் பிரயாணம் செய்வதில்லை. மாறிய பகுதி மாத்திரம் இங்கே வருகிறது, விரல் பட்ட இடம் அங்கே போகிறது. இதில் ஒரு பெரிய சௌகரியமும் உண்டு. எஃகுப் பெட்டிகள் ரேடியோ அலைகளைத் தடுத்துத் திருப்பிவிடுவதால், அடுக்குகளின் நடுவே நடக்கும்போது சிக்னல் அடிக்கடி அறுந்துபோகிறது. ஆனாலும் கணக்கு ராயபுரத்து யந்திரத்தில் இருப்பதால், மறுபடி தொடர்பு கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். அந்த யந்திரத்தின் வாசலைக் காவலின்றி இணையத்துக்குத் திறந்து வைத்து, கொள்ளைக்காரர்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணம் கேட்கும்படி ஆனவர்கள் உலகெங்கும் பலர் உண்டு என்பதால், வி.பி.என். என்னும் மூடிய பாதை வழியாக அன்றி யாரும் திரையைத் தூரத்திலிருந்து திறக்கலாகாது.

எனினும் விரலின் பிரச்சினை தீரவில்லை. மௌஸின் அம்பு நுனி ஒரு புள்ளி; மனித விரல் நுனியோ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம். 22 அங்குலத் திரையில் 5 மில்லிமீட்டராக இருக்கும் கட்டம், அதே திரை 10 அங்குலத்துக்குள் அடங்கும்போது இரண்டேகால் மில்லிமீட்டராகிவிடுகிறது. தொடும் பொத்தான் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும் என்று ஆண்ட்ராய்டு செயலிகளை அமைப்பவர்களுக்குக் கூகுள் சொல்லி வைத்திருக்கிறது. நம் குமாஸ்தாவின் விரலில் குற்றமில்லை.

டேலியை எடுத்துக்கொள்வோம். சியாம் சுந்தர் கோயங்காவும் அவர் குமாரர் பரத் கோயங்காவும் 1986-இல் தொடங்கிய ஸ்தாபனத்தின் படைப்பாகிய இக்கணக்கு மென்பொருள், மௌஸ் பரவாத டாஸ் காலத்தில் பிறந்தது. அதனால்தான் பழகிய கணக்கர் ஒருவர் எஃப் 5 என்றால் பேமெண்ட், எஃப் 6 என்றால் ரெசீட், எஃப் 8 என்றால் சேல்ஸ் என்று, திரையைக்கூடப் பாராமல், வீணை வாசிப்பவரைப்போல விசைகளின்மேல் விரலை ஓட்டுகிறார். திருவொற்றியூர் நெடுஞ்சாலை உதிரிபாகக் கடைகளில் அந்த வேகத்தைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். அதே டேலியைத் தூரத்துத் திரையாக டேப்லட்டில் திறந்தால், கண்ணாடியில் தோன்றும் விசைப்பலகையில் எஃப் வரிசையே கிடையாது. பிரத்தியேகமாக ஒரு வரிசையை வரவழைக்க வேண்டும், வரவழைத்தாலோ திரையில் பாதி மறைகிறது. முப்பது வருஷங்களாகக் கைக்குப் பழகிய வித்தை ஒரு நொடியில் பயனற்றுப்போவதைக் காண எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: பழைய மென்பொருளைத் தூக்கி எறியவும் வேண்டாம், முழுவதையும் சுருக்கிக் கையில் திணிக்கவும் வேண்டாம், மேஜையில் உட்கார்ந்து செய்யும் நூறு காரியங்களுள், நின்றபடியே செய்யவேண்டியவை எவை என்று ஆராய்ந்தால் நான்கோ ஐந்தோதான் தேறும், அவற்றுக்கு மட்டும் புதிய சிறிய முகம் ஒன்றைச் செய்து, பின்னே பழைய கணக்கோடு இணைத்தால் போதும். இந்திய சுங்கத் துறை இவ்விஷயத்தில் நல்ல வழி காட்டியிருக்கிறது. 2020 ஜூன் 8-ஆம் தேதி, சரக்கின் வரியை மதிப்பிடும் அதிகாரி துறைமுகத்திலேயே இருக்கவேண்டியதில்லை என்னும் முகமறியா மதிப்பீட்டு முறை முதன்முதலில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கியது. மதிப்பிடுபவர் வெளியூரில் இருக்கலாம், பெட்டியைத் திறந்து பார்ப்பவர் பெட்டியின் அருகில்தானே இருக்கவேண்டும்? அவருக்காக வந்ததே ஐஸ்டாப் என்னும் டேப்லட். சுங்கத்தின் பெரிய மென்பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, பரிசோதனை அறிக்கை எழுதும் காரியம் மட்டும் யார்டுக்கு வந்தது.

அந்த ராயபுரம் காரியாலயத்திலும் பின்னர் அவ்வாறே செய்தார்கள். கன்டெய்னர் எண், சீல், போட்டோ என்று மூன்றே பொத்தான்கள் கொண்ட பக்கம். சிக்னல் அறுந்தால் டேப்லட்டிலேயே வைத்திருந்து, கிடைத்தபோது பழைய கணக்கில் சேர்க்கும். தட்டிய கன்டெய்னர் எண் சரிதானா என்று பார்க்கும் சோதனை ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். உலகத்துக் கன்டெய்னர் ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அவற்றின்பின் ஒரு கட்டத்துக்குள் தனியே ஓர் இலக்கம் என்று எழுதியிருக்கும். எழுத்துக்களுக்கும் உரிய எண்மதிப்பு உண்டு. முதலாவதை 1-ஆலும், அடுத்ததை 2-ஆலும், அதற்கடுத்ததை 4-ஆலும் இப்படி இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம்; மீதி 10 என்றால் மட்டும் 0. சி.எஸ்.கியூ.யு. 305438 என்றால் கூட்டுத்தொகை 6185, மீதி 3.

இரண்டாம் முறை நான் போயிருந்தபோது, அதே குமாஸ்தா ஒரு துருப்பிடித்த பெட்டியின் எண்ணைத் தட்டினார், கட்டம் சிவந்தது. பெட்டியின் அருகே போய், உப்புக்காற்று அரித்துத் துருவேறிய இடத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்து, “மூணு இல்ல சார், எட்டு” என்று சொல்லிவிட்டுத் திருத்தினார். கட்டம் பச்சையாயிற்று, அவர் அடுத்த அடுக்குக்குப் போனார்.