ஹக்காசான் உணவகம்

ஹக்காசான் என்பது இலண்டன் மாநகரில் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட உயர்தரச் சீன உணவகம் ஆகும். டாட்டன்ஹாம் கோர்ட் சாலைக்கு அருகே, ஹான்வே பிளேஸ் என்னும் குறுகலான தெருவில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் இது அமைந்தது. பிரித்தானியாவில் மலிவு உணவாகவே பலரும் கருதிவந்த சீனச் சமையலுக்கு உயரிய மதிப்பைப் பெற்றுத் தந்தவற்றுள் இவ்வுணவகம் குறிப்பிடத்தக்கது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹாங்காங்கின் ஊர்ப்புறங்களில் நெல் வேளாண்மை நலிந்தது. பிழைப்புத் தேடிப் பிரித்தானியா சென்ற குடும்பங்கள் பல, சிறு உணவுக் கடைகளைத் திறந்தன. வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவே அங்கு பெரிதும் விற்றது. உள்ளூர் மக்களின் சுவைக்கேற்ப இனிப்பும் புளிப்பும் கலந்த இறைச்சி, உருளைக்கிழங்கு வறுவல் போன்றவை பட்டியலில் இடம்பெற்றன. நெடுநேர உழைப்புக்குக் கிடைத்த வருவாயோ குறைவு. சீனச் சமையல் என்றாலே இதுதான் என்ற எண்ணம் நிலைத்தது.

நிறுவியவர்

அத்தகைய ஒரு குடும்பத்திலிருந்து வந்தவர் ஆலன் யாவ். 1962இல் ஹாங்காங்கில் பிறந்த இவர், 12 வயதில் இங்கிலாந்துக்கு வந்தார். 1992இல் இலண்டனில் 'வாகமாமா' என்னும் ஜப்பானிய நூடுல்ஸ் உணவகத்தைத் தொடங்கினார். நீண்ட பலகைகளில் அறிமுகமில்லாதவர்களும் அருகருகே அமர்ந்து குறைந்த செலவில் உண்ணும் இடம் அது. அதற்கு நேர்மாறான முயற்சியே ஹக்காசான்.

பெயர்

யாவின் முன்னோர் 'ஹக்கா' என்னும் சீன மக்கட் பிரிவினர். அப்பெயருடன் ஜப்பானிய மரியாதை விகுதியான 'சான்' சேர்ந்து 'ஹக்காசான்' ஆயிற்று. நம் ஊர் உணவகங்களில் காணும் 'ஹக்கா நூடுல்ஸ்' என்பதும் கொல்கத்தாவில் குடியேறிய இதே மக்களின் பெயரால் வந்ததே. ஆனால் ஹக்காசானில் சமைக்கப்படுவது பெரும்பாலும் கான்டன் வட்டாரச் சமையல்.

வடிவமைப்பு

பிரெஞ்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லியாக்ர் இதன் உள் அலங்காரத்தை அமைத்தார். நிலவறைக்குச் சன்னல் கிடையாது. பகல் வெளிச்சம் வராது. இக்குறையையே அவர் பயனாக்கிக்கொண்டார். சீனப் பாணியில் செதுக்கப்பட்ட கருநிற மரத்தட்டிகள் பெரிய கூடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்தன. தட்டிகளில் இடைவெளிகள் இருந்ததால், அடுத்த பகுதியின் நடமாட்டம் நிழல்போலத் தெரியும். ஆனால் அமர்ந்திருப்பவருக்குத் தனிமையும் கிடைக்கும். ஒளி மங்கலாக வைக்கப்பட்டது. சிவப்புக் காகித விளக்குகளும் தங்க நிற நாகங்களும் நிறைந்த வழக்கமான சீன உணவகத் தோற்றத்திலிருந்து இது விலகி நின்றது.

உணவு

சிங்கப்பூரில் பணியாற்றிய டாங் சீ ஹ்வீ தலைமைச் சமையலராக இருந்தார். கான்டன் சமையலறையில் வாணலி, ஆவி, சுடுதல் என ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்ச்சி பெற்றவர்கள் இருப்பர். கடுந்தீயில் வாணலியை விரைந்து வீசிப் புரட்டும்போது ஈரம் உடனே ஆவியாகி, பொருள் வேகும் முன்பே மேற்புறம் சிவந்து, ஒருவகைக் கருகல் மணம் ஏறும். இதனைக் கான்டன் மொழியில் 'வோக் ஹே', அதாவது வாணலியின் மூச்சு, என்பர். ஆவியில் வேகவைக்கும் 'டிம் சம்' கொழுக்கட்டைகளுக்கோ, உள்ளிருக்கும் இறால் தெரியும் அளவுக்கு மாவை மெல்லியதாக்கும் கைத்திறன் வேண்டும்.

இந்த மரபு முறைகளுடன் விலையுயர்ந்த மேலைநாட்டுப் பொருள்களும் சேர்ந்தன. மீன் முட்டையான கேவியருடன் பரிமாறிய பீக்கிங் வாத்து, ஷாம்பெய்னும் தேனும் சேர்த்துச் சுட்ட மீன், மல்லிகைத் தேயிலைப் புகையூட்டிய விலா இறைச்சி ஆகியவை பெயர் பெற்றன.

மதிப்பீடு

2003இல் ஹக்காசான் மிசெலின் விண்மீன் பெற்றது. அலங்காரத்துக்காகவே இப்புகழ் வந்தது என்று எண்ணத் தோன்றலாம். ஆனால் மிசெலின் விண்மீன் தட்டில் உள்ள உணவுக்கு மட்டுமே தரப்படுவது. இருக்கை, விளக்கு, அலங்காரம் எதுவும் கணக்கில் வராது. ஆகவே அலங்காரம் மக்களை உள்ளே அழைத்தது; விண்மீனைப் பெற்றுத் தந்தது கைத்திறனே. அத்திறன் புதிதாகப் பிறந்ததன்று. அதற்குரிய விலையைக் கேட்கும் துணிவுதான் புதிது.

2008இல் உணவகத்தின் பெரும்பங்கு அபுதாபி நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. பின்னர் மும்பை, துபாய், நியூயார்க் உள்ளிட்ட நகரங்களிலும் கிளைகள் தோன்றின. சீனச் சமையலின் மதிப்பு இவ்வாறு உயர்ந்தது உண்மை. எனினும், சிறு கடைகளில் உழைத்து அச்சமையலை அந்நாட்டில் வேரூன்றச் செய்த குடும்பங்களில் எத்தனை பேரால் இங்கே அமர்ந்து உண்ண முடியும் என்ற கேள்வியும் உடன் எழுகிறது.